புதன்கிழமை மூன்று மணி ஏன் பறிபோகிறது?

கேள்வி: எனக்கு வயது 41. சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெலிவரி மேனேஜராக இருக்கிறேன். காலை 10 முதல் மாலை 4:30 வரை அலுவலகம். பிறகு வீட்டிலிருந்து 6:30 முதல் 9 வரை நியூயார்க் கிளையன்ட்டோடு கால். வாரம் 45 மணி நேரத்தில் 42 மணி நேரம் காலண்டரில் முன்கூட்டியே நிரம்பிவிடுகிறது. மீட்டிங் மட்டும் 26. ஒரு மணி நேரத்தவை 12, அரை மணி நேரத்தவை 14. மற்றதெல்லாம் ரிவ்யூ, எஸ்டிமேஷன், மெயில். யோசிக்கவும் கொஞ்சம் ஓய்வெடுக்கவும் என்று புதன்கிழமை 3 முதல் 4 வரை ஒதுக்கி வைத்தேன். ஆறு வாரத்தில் ஒரு தடவைதான் அது மிஞ்சியது. யோகா வகுப்பிலும் வாசிப்புக் குழுவிலும் சேர்ந்தேன். அவையும் இன்னும் இரண்டு வேலையாகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை சும்மா உட்கார்ந்தால் மாமியார் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளோ, “அம்மா, நீ எப்பவும் போனையே பாத்துக்கிட்டு இருக்க” என்கிறாள். யாரும் எதுவும் கேட்காத ஒரு மணி நேரம் வேண்டும் என்று நினைப்பது சுயநலமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மேடவாக்கம்

பணியிட உளவியல் ஆலோசகரின் பதில்:

வணக்கம் சகோதரி. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சுயநலம் இல்லை. உங்கள் கடிதத்தில் இருக்கும் சிக்கலில் மனதின் பங்கைவிடக் கணக்கின் பங்கு பெரிது. அந்தக் கணக்கைப் போடாமல் “மனதை லேசாக வைத்துக்கொள்ளுங்கள்” என்று உங்களிடம் சொன்னால் அது அநியாயம்.

வாரத்தில் 42 மணி நேரம் நிரம்பியிருக்கிறது, 3 மணி நேரம் காலி. திடீரென்று ஒரு வேலை வந்தால் அது போய் உட்கார அந்த மூன்று மணி நேரத்தை விட்டால் வேறு இடமே இல்லை. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்ற டேனிஷ் கணிதவியலாளர், அழைப்புகள் எப்படிக் குவிகின்றன என்று 1909இல் எழுதிய கட்டுரையில் வரிசைக் கணிதம் என்ற துறை தொடங்கியது. பிற்காலத்தில் அந்தத் துறையில் வந்த மிக எளிய சூத்திரத்தை உங்கள் வாரத்துக்குப் போட்டுப் பாருங்கள். நிரம்பிய நேரத்தைக் காலி நேரத்தால் வகுக்க வேண்டும். 42ஐ 3ஆல் வகுத்தால் 14. அரை மணி நேர வேலை ஒன்று புதிதாக வந்தால், அது தன் முறைக்காகச் சராசரியாக 14 அரை மணிகள், அதாவது 7 மணி நேரம் காத்திருக்கும். வேலைகள் ஒழுங்கில்லாமல் வந்து, ஒரே ஆள் அவற்றை ஒவ்வொன்றாக முடிக்கும் நிலைக்கான கணக்கு இது. அலுவலகம் அப்படியே தொலைபேசி நிலையம் ஆகிவிடாது என்றாலும் போக்கு இதுதான். 7 மணி நேரம் காத்திருக்க யாரும் தயாரில்லை. அதனால்தான் காலண்டரில் எது கொஞ்சம் இளகலாகத் தெரிகிறதோ அதன்மேல் வந்து விழுகிறார்கள். உங்கள் புதன்கிழமை அப்படித்தான் போயிற்று. அதில் உங்கள் மனவுறுதிக் குறைவு எதுவும் இல்லை.

நிரம்பியது 36 மணி நேரமாகக் குறைந்தால்? 36ஐ 9ஆல் வகுக்க 4. அதே அரை மணி வேலை 2 மணி நேரத்தில் இடம் பிடித்துவிடும். சுமை ஏழில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருப்பு 14லிருந்து 4க்கு இறங்குகிறது. எனவே காலி நேரத்தை ஒதுக்குவதற்கு முன்னால் சுமையைக் குறைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் எந்த நேரத்தை ஒதுக்கினாலும் ஒரு மாதத்துக்குள் கரைந்துவிடும்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு மீட்டிங் முடிந்ததும் ஒரு தாளில் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: ‘முடிவெடுத்தேன்’, ‘தகவல் கொடுத்தேன்’, ‘கேட்டுக்கொண்டிருந்தேன்’. அந்தந்த மீட்டிங் முடிந்த கையோடு எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை உட்கார்ந்து யோசித்து எழுதினால் எல்லாமே முக்கியமாகத்தான் தோன்றும். இரண்டாம் வாரத்தில், ‘கேட்டுக்கொண்டிருந்தேன்’ என்று வந்தவற்றில் ஒரு மணி நேரத்தது ஒன்று, அரை மணி நேரத்தது ஒன்று என இரண்டிலிருந்து மட்டும் விலகி, குறிப்பை அனுப்பச் சொல்லுங்கள். மிச்சம் 1½ மணி நேரம். தினசரி அரை மணி ஸ்டேட்டஸ் மீட்டிங்கை வாரம் இரண்டாக்கி, மற்ற மூன்று நாளும் ஆளுக்கு மூன்று வரி எழுதிப் போடச் சொன்னால் இன்னொரு 1½ மணி நேரம். எஞ்சும் 21 மீட்டிங்கில் நீங்களே கூட்டுபவை எத்தனை என்று எண்ணுங்கள். கணக்குக்காக ஒரு மணி நேரத்தவை 8, அரை மணி நேரத்தவை 7 என்று வைத்துக்கொள்வோம். கூகுள் காலண்டரிலும் அவுட்லுக்கிலும் மீட்டிங்கைத் தானாகவே சுருக்கும் அமைப்பு உண்டு. கூகுளில் அரை மணி மீட்டிங் 5 நிமிடமும் அதைவிட நீண்டது 10 நிமிடமும் முன்னதாக முடியும். அவுட்லுக்கில் எத்தனை நிமிடம் என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். கூகுள் கணக்குப்படி 80ம் 35ம் சேர்த்து 115 நிமிடம்.

மொத்தம் ஏறக்குறைய 5 மணி நேரம். 42 என்பது 37 ஆகிறது. 37ஐ 8ஆல் வகுத்தால் 4.6. முதல் மாதத்துக்கு இது போதும்.

இந்தச் சுருக்கும் அமைப்பு புதிதாகப் போடும் அழைப்புகளுக்குத்தான் வேலை செய்யும். ஏற்கெனவே வாராவாரம் ஓடிக்கொண்டிருப்பவற்றை நீங்களே திறந்து மாற்ற வேண்டும். பிறர் கூட்டும் மீட்டிங்குகளை அது தொடாது. இன்னொரு சங்கடமும் உண்டு. 50 நிமிடத்தில் முடிய வேண்டியதை ‘இன்னும் ரெண்டே நிமிஷம்’ என்று இழுத்து 60ஆவது நிமிடத்துக்குக் கொண்டுபோய் விடுவார்கள். 45ஆவது நிமிடத்தில் முடிவுகளை வாசிப்பது என்று வழக்கப்படுத்துங்கள். அந்தப் பத்து நிமிட இடைவெளியில் மெயிலைத் திறக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் 2021இல் 14 பேரின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து பார்த்தது. நான்கு அரை மணி மீட்டிங்குகளை இடைவெளி இல்லாமல் நடத்தியபோது மன அழுத்தத்துக்கான அடையாளம் ஒவ்வொன்றிலும் ஏறிக்கொண்டே போனது. நடுவில் பத்து நிமிடம் தியான இடைவெளி விட்டபோது அப்படி ஏறவில்லை. சிறிய சோதனைதான். ஆனால் மாலை நாலரைக்குத் தலை கனப்பதற்கு ஒரு காரணத்தை அது காட்டுகிறது.

இனி ஒதுக்கும் நேரத்துக்கு வருவோம். புதன்கிழமை ஒரு மணி நேரத்தில் யோசிக்கவும் வேண்டும், ஓய்வும் எடுக்க வேண்டும் என்று இரண்டையும் ஒன்றாக எதிர்பார்த்திருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு. வேலையைப் பற்றி எந்தத் தலைப்பும் இல்லாமல் யோசிக்கும் நேரம் அலுவலக நேரத்துக்குள் வர வேண்டும், அதுவும் வேலைதான். வேலையின் நினைப்பே இல்லாத ஓய்வு அலுவலகத்துக்கு வெளியே வர வேண்டும். இரண்டையும் கலந்தால், யோசிக்கும்போது களைப்பும் ஓய்வெடுக்கும்போது குற்றவுணர்வும்தான் மிஞ்சும்.

யோசிக்கும் நேரத்துக்குத் திங்கட்கிழமை காலை 10 முதல் 11:30 வரை என்பது என் பரிந்துரை. கோடைக்கால நேரப்படி அது நியூயார்க்கில் ஞாயிறு நள்ளிரவு கடந்த 12:30 முதல் 2 மணி. வாரத்தின் மற்ற நாட்களில் காலையில் நீங்கள் வரும்போது முந்தைய இரவின் கிளையன்ட் மெயில்கள் வரிசையில் நிற்கும். திங்கள் காலையில்தான் அந்த வரிசை மிகக் குட்டையாக இருக்கும். உங்கள் டீமின் வாரத் திட்ட மீட்டிங் அந்த நேரத்தில் இருந்தால் 11:45க்குத் தள்ளுங்கள். புதன் மாலை 3 மணி நேர் எதிரானது. அமெரிக்கா விழிக்கப்போகிறது, இரவு காலுக்கான பதற்றம் தொடங்கிவிட்டது, ‘கிளையன்ட் வர்றதுக்குள்ள இத முடிச்சிடலாம்’ என்று எல்லோரும் உங்களைத் தேடும் நேரம் அது.

நிலத்துக்கு வேலி போட்டுவிட்டு உள்ளே ஒன்றும் நடாமல் விடுவதுபோல இந்த நேரத்தை நடத்த வேண்டும். எல்லையில் கறார், உள்ளே முழுச் சுதந்திரம். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். உள்ளே என்ன செய்ய வேண்டும் என்று பட்டியல் போட்டுவிட்டு, எல்லையை யார் கேட்டாலும் நகர்த்திக் கொடுக்கிறார்கள்.

வேலிக்கான விதிகள் இரண்டு. காலண்டரில் ‘திங்கிங் டைம்’ என்று எழுதினால் ‘அப்புறம்கூட யோசிக்கலாமே’ என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். ‘அழைப்பு ஏற்க இயலாது’ என்று மட்டும் போட்டு, நிலையை ‘பிஸி’யில் வைக்காமல் ‘அவுட் ஆஃப் ஆபீஸ்’ என்று வையுங்கள். கூகுள் காலண்டரின் அலுவலகக் கணக்குகளில் அப்படி வைத்தால் வரும் அழைப்புகளைத் தானாகவே மறுக்கவும் செய்யலாம். இரண்டாவது, தவிர்க்கவே முடியாமல் அந்த நேரத்தை விட்டுக்கொடுக்க நேர்ந்தால், அதே வாரத்தில் மாற்று நேரத்தைக் குறித்துவிட்ட பிறகே ‘சரி’ சொல்லுங்கள். குறிக்காமல் சரி சொன்னால் அது ரத்து என்றுதான் அர்த்தம்.

மேலாளரிடமும் டீமிடமும் ஒரே வாசகத்தைச் சொல்லுங்கள்: “திங்கட்கிழமை பத்துலேருந்து பதினொன்றரை வரைக்கும் சாட்ல இருக்கமாட்டேன். புரொடக்‌ஷன் டவுன் ஆனா போன் பண்ணுங்க, உடனே வரேன். மத்தது பதினொன்றரைக்கு மேல பாத்துக்கலாம்.” கிளையன்ட் பயன்படுத்தும் மென்பொருளே நின்றுபோவது போன்ற அவசரத்துக்கு ஒரே வழி, போன் மட்டும்தான் என்று இருப்பது முக்கியம். சாட்டில் ‘அர்ஜன்ட்’ என்று தட்டுவது எளிது, போன் செய்ய ஒரு கணம் யோசிப்பார்கள். ‘அந்த நேரத்துல என்ன பண்றீங்க’ என்று மேலாளர் கேட்டால், வாரத்தின் வேலையை நிதானமாக யோசிக்கிறேன் என்று உண்மையைச் சொல்லுங்கள். அதிலிருந்து ஒரு டாக்குமென்ட் தருவதாக மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்த வாரத்திலிருந்தே அது ஒப்படைத்தே ஆக வேண்டிய இன்னொரு டெலிவரபிள் ஆகிவிடும்.

தொடக்கத்திலேயே 90 நிமிடம் வேண்டாம். முதல் மூன்று வாரம் 45 நிமிடம் போதும். லேப்டாப்பை மூடி, மேசையை விட்டு நகர்ந்து, ஒரு நோட்டும் பேனாவும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போன் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி வைத்துத் திரையைக் கவிழ்த்துவிடுங்கள். முதல் 15, 20 நிமிடம் நன்றாக இருக்காது. ‘அந்த இன்வாய்ஸ்’, ‘அவருக்குப் பதில் போடலையே’ என்று பாக்கி வேலைகள் வரிசையாக வரும். விரட்ட முயலாமல் ஒவ்வொன்றையும் எழுதி, பக்கத்தில் எப்போது, அடுத்து என்ன செய்வேன் என்று ஒரு வரி சேருங்கள். முடியாத வேலை மனதைக் குடைவதை நிறுத்த அதை முடித்தாக வேண்டும் என்பதில்லை, திட்டவட்டமாக ஒரு திட்டம் போட்டாலே போதும் என்று உளவியலாளர்கள் மசிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் 2011இல் வெளியிட்ட சோதனைகள் காட்டின. ‘இன்வாய்ஸ் பார்க்கணும்’ என்று எழுதினால் குடைச்சல் போகாது. ‘இன்வாய்ஸ், இன்று 2:15, ஃபைனான்ஸுக்கு போன்’ என்று எழுதினால் போகும்.

அந்த வரிசை ஓய்ந்தபின் வருவதுதான் நீங்கள் தேடிய நேரம். எழுந்து நடக்கலாம், ஜன்னலோரம் நிற்கலாம், நோட்டில் கிறுக்கலாம். எதைப் பற்றி யோசிப்பது என்று முன்கூட்டித் தீர்மானிக்காதீர்கள். வேலை எதுவும் தரப்படாமல் சும்மா இருக்கும்போது மூளையின் சில பகுதிகள் கூடுதலாக இயங்குகின்றன என்று நரம்பியல் ஆய்வாளர் மார்கஸ் ரெய்க்லும் அவரது குழுவினரும் 2001இல் எழுதினார்கள். கடந்ததை நினைப்பதும் வரப்போவதைக் கற்பனை செய்வதும் அந்தப் பகுதிகளோடு தொடர்புள்ளவை என்பது பின்னர் தெளிவானது. அந்த ஓட்டத்துக்கு இடம் விட்டால் போதும், தள்ளிவிட வேண்டியதில்லை.

ஒரே இடத்தில்தான் கவனம் தேவை. யோசனை சில நேரம் புண்ணைக் கிளறுவதாக மாறிவிடும். ஒரே சம்பவம் மூன்றாவது முறை திரும்பி வந்து, புதிதாக ஒரு விவரமும் கிடைக்கவில்லை என்றால் அது யோசனை இல்லை, சுழல். அந்த நேரத்தில் ‘எனக்கு ஏன் இப்படி’ என்ற கேள்வியை நிறுத்தி, ‘இதில் அடுத்தது எது’ என்று எழுதிவிட்டு எழுந்து நடங்கள். நடந்தும் நிற்கவில்லையா, அன்றைக்கு அந்த நேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பிடிவாதம் பிடிக்க வேண்டாம். தூக்கம் வந்தால் 20 நிமிடம் தூங்கிவிடுங்கள். ஒவ்வொரு வாரமும் தூக்கமே வருகிறது என்றால் இரவில்தான் கோளாறு. பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். ஒன்பது மணி கால் முடிந்து பன்னிரண்டரை வரை போனைப் பார்த்துவிட்டு ஆறு மணிக்கு எழுபவருக்கு எந்தக் காலி நேரமும் தூக்கமாகத்தான் மாறும். அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

யோகாவும் வாசிப்புக் குழுவும் ஏன் பலன் தரவில்லை என்ற உங்கள் குழப்பத்துக்கு 2007இல் உளவியலாளர்கள் சபைன் சொன்னென்டாகும் சார்லட் ஃபிரிட்ஸும் வகுத்த ஒரு பகுப்பு உதவும். வேலைக் களைப்பிலிருந்து மீள்வதில் நான்கு அனுபவங்களை அவர்கள் பிரித்தார்கள்: வேலை நினைப்பிலிருந்து மனம் விலகுவது, உடல் மனத் தளர்வு, புதிதாக ஒன்றைக் கற்றுத் தேர்வது, ஓய்வு நேரத்தை என்ன செய்வது என்று தானே தீர்மானிப்பது. யோகா இரண்டாவதையும் வாசிப்புக் குழு மூன்றாவதையும் தந்தன. காலை முதல் இரவு வரை பிறர் போட்ட நேரத்துக்கு ஓடும் உங்களுக்குக் குறைவாக இருப்பது நான்காவது. அதை இன்னொரு வகுப்பு கொடுக்காது, வகுப்பும் ஒரு நேரத்துக்குப் போய் நிற்க வேண்டிய இடம்தானே. பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றொன்றை மூன்று மாதம் நிறுத்திவையுங்கள். காலி நேரத்துக்குள் பாட்காஸ்ட், ஆன்லைன் கோர்ஸ், எத்தனை அடி நடந்தோம் என்ற கணக்கு ஆகியவையும் வேண்டாம்.

மாலைகளைப் பொறுத்தவரை நீங்கள் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. டீமோடு சேர்ந்துதான் முடியும். பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பில் ஹார்வர்ட் பேராசிரியர் லெஸ்லி பெர்லோ நடத்திய சோதனையில் ஒரு குழுவில் ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு மாலை கட்டாய விடுப்பு. ஆறு மணிக்கு மேல் மெயில்கூடப் பார்க்கக் கூடாது. விருப்பமிருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள், கட்டாயம் என்பதால் நடந்தது. ஒருவர் இல்லாதபோது அவர் வேலையை இன்னொருவர் பார்க்கும்படி குழுவே தன் வேலையைப் பேசி மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

உங்கள் டீமிலும் கால் எடுக்கக்கூடிய லீடுகளை ஜோடியாகப் பிரியுங்கள். வாரம் ஒரு மாலை ஒருவருக்கு விடுப்பு, மற்றவர் கால் எடுப்பார். மாலை நாலு மணிக்குள் ஒரே பக்கத்தில் கைமாற்றுக் குறிப்பு: எது நிலுவை, கிளையன்ட் என்ன கேட்கலாம், எதற்கு ‘நாளைக்குச் சொல்கிறோம்’ என்று சொன்னால் போதும். உங்கள் முறையை முதல் வாரமே நீங்கள் எடுக்க வேண்டும். மேலாளர் எடுக்காத விடுப்பை லீடுகள் எடுக்கமாட்டார்கள். அன்றைக்கு ‘சும்மா கேட்டுக்கிட்டு மட்டும் இருக்கேன்’ என்று காலில் சேரவே கூடாது. சேர்ந்துவிட்டால் கிளையன்ட் உங்களைத்தான் கேட்பார், ஏற்பாடு அத்தோடு போய்விடும். ஆண்ட்ராய்டு போனில் அலுவலகச் செயலிகள் ஒர்க் ப்ரொஃபைல் என்ற தனிப் பகுதியில் இருந்தால் அதை அப்படியே நிறுத்திவைக்கலாம். அலுவலக வாட்ஸ்ஆப் குழுக்கள் அதில் அடங்காது, அவற்றைத் தனியாக மியூட் செய்யுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையின் கூச்சத்தை மிகைப்படுத்தியதாக நான் நினைக்கவில்லை. நம் வீடுகளில் ஆண் சும்மா உட்கார்ந்தால் ஓய்வு, பெண் சும்மா உட்கார்ந்தால் ஏதோ வேலை பாக்கி என்ற பார்வை இன்னும் இருக்கிறது. அந்தப் பார்வை ஒரே வாரத்தில் மாறாது. உங்கள் ஒரு மணி நேரம் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அனுமதி கேட்கும் குரலில் கேட்காமல் தகவலாகச் சொல்லுங்கள்: “அத்தை, நாலுலேருந்து அஞ்சு வரைக்கும் மொட்டை மாடியில இருக்கேன். ஏதாவது அவசரம்னா அவர்கிட்ட சொல்லுங்க.” அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிட வேண்டாம். உங்களுக்குப் பதில் யார் என்று சொல்லாதவரை எல்லாக் கேள்வியும் மாடிப்படி ஏறி வரும். கணவரிடம் இதை முதல் நாளே பேசி, அவருக்கும் அப்படி ஒரு மணி நேரத்தைக் குறித்துவிடுங்கள். மாமியாருக்கும் வேண்டுமா என்று கேளுங்கள். எத்தனையோ வருடமாக அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

மழை வந்தாலோ மாடியில் வடகம் காய்ந்தாலோ வேறு இடம் தயாராக இருக்கட்டும். திருவான்மியூர் கடற்கரை, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், தெருமுனைப் பூங்கா, எதுவானாலும் சரி. வீட்டுக்குள் படுக்கையறை மட்டும் வேண்டாம், கதவு தட்டப்படும். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது. மகள் சொன்ன குறைக்கும் அதுவே பதில்.

உங்களுக்கு இது பொருந்தாமலும் இருக்கலாம், ஆனாலும் சொல்லிவைக்கிறேன். இரண்டு வாரத்துக்கும் மேலாகப் பெரும்பாலான நாட்களில் எதிலும் நாட்டமில்லை, தூக்கம் கெடுகிறது, ஓய்வெடுத்தும் களைப்பு தீரவில்லை என்றால் காலண்டரை மாற்றிப் பயனில்லை, மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

வரிசையைச் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் எண்ணிக்கை மட்டும். இரண்டாம் வாரம் மீட்டிங் குறைப்பு. மூன்றாம் வாரம் முதல் திங்கள் 45 நிமிடம், ஆறாம் வாரத்தில் 90. ஞாயிற்றுக்கிழமையை இந்த வாரமே தொடங்கலாம். மாலை விடுப்பை ஒரு ரிலீஸ் (மென்பொருளின் புதிய பதிப்பு வெளியீடு) முடிந்த கையோடு தொடங்குங்கள், ரிலீஸுக்கு நடுவில் வேண்டாம். அந்த நேரத்தில் என்ன சாதித்தோம் என்று அளக்காதீர்கள். காலண்டரில் ‘நடந்தது’, ‘நகர்ந்தது’, ‘போனது’ என்று மட்டும் குறித்தால் போதும். நான்கில் இரண்டு நடந்தால் நல்ல தொடக்கம். நான்கில் மூன்று ‘போனது’ என்று வந்தால் நேரத்தை மாற்றிப் பயனில்லை, மறுபடி முதல் வாரக் கணக்குக்குப் போய் இன்னும் எதைக் குறைக்கலாம் என்று பாருங்கள்.

இன்னொன்று, அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். உங்கள் கால் 7:30க்குத் தொடங்கி 10 மணிக்கு முடியும். மார்ச் இரண்டாம் ஞாயிறு பழையபடி ஆகிவிடும். அந்த நான்கு மாதங்களில் நாலரைக்கும் ஏழரைக்கும் நடுவே புதிதாக ஒரு மணி நேரம் கிடைக்கும், யாராவது அதில் மீட்டிங் போடுவதற்கு முன் அக்டோபர் கடைசியிலேயே காலண்டரில் அடைத்துவிடுங்கள். இரவில் ஒரு மணி நேரம் போவதால், காலை எழும் நேரத்தையும் முடிந்த அளவு தள்ளிவையுங்கள்.